அமைச்சரிடம் உருப்படியான விடை வாங்குவது எப்படி? – மக்களவைக் கேள்விகள் பற்றி ஓர் இழை

பொன்னி:
கேள்வி நேரத்தை நேரலையில் பார்த்தால் சலிப்புதான் வருகிறது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒரு நிமிடம் கேட்கிறார். அமைச்சர் மூன்று நிமிடம் திட்டப் பெருமை பேசிவிட்டு உட்காருகிறார். அடுத்த கேள்வி. இதில் யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்றே தெரியவில்லை. ஆனால் பத்திரிகையில் வரும் பாதிப் புள்ளிவிவரத்தின் கீழே "நாடாளுமன்றத்தில் எழுத்துபூர்வ பதில்" என்று இருக்கிறது. அப்படியானால் எங்கோ வேலை நடக்கிறது. ஓர் எதிர்க்கட்சி எம்.பி. இந்தக் கருவியை ஒழுங்காகப் பயன்படுத்த என்ன செய்ய வேண்டும்? கட்சிச் சண்டை வேண்டாம், நடைமுறை மட்டும் சொல்லுங்கள்.

மேசைமீது:
நீங்கள் டி.வி.யில் பார்ப்பது மொத்தத்தில் சின்னத் துண்டு. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமிடாத கேள்விகள் பட்டியலிடப்படும். மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வி (விடையைத் தொடர்ந்து அங்கேயே கேட்பது) உண்டு. நட்சத்திரமிடாததற்கு எழுத்தில் மட்டும் விடை, துணைக்கேள்வி கிடையாது. மக்களவையில் 11 முதல் 12 மணி வரைதான் கேள்வி நேரம். அமளி இல்லாத நாளிலேயே 20-இல் நாலைந்துதான் வாய்மொழியாக எட்டும். எட்டாதவற்றின் விடைகள் மேசைமீது வைக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

நோட்டீஸ் கொடுப்பது இப்படி. அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வாரத்தில் ஒரு குழுவுக்கு ஒரு நாள். எந்த அமைச்சகம் எந்தத் தேதி, எந்தத் தேதிக்கு நோட்டீஸுக்குக் கடைசி நாள் எது என்று கூட்டத்தொடருக்கு முன்பே அட்டவணை வந்துவிடும். மக்களவை நடைமுறை விதி 33-இன்படி 15 முழு நாள் அவகாசம் வேண்டும்; நோட்டீஸ் சேர்ந்த நாளும் விடை நாளும் இந்தக் கணக்கில் சேராது. ஒரு தேதிக்கு ஓர் உறுப்பினர் ஐந்து நோட்டீஸ் வரை தரலாம். அதில் நட்சத்திரக் கேள்வியாக வரக்கூடியது ஒன்றே ஒன்று.

பிறகு, வந்த நோட்டீஸ்களில் எவை முன்னால் வரும் என்பதற்குக் குலுக்கல். குலுக்கலுக்குக் கட்சி தெரியாது. ஒற்றை எம்.பி. கட்சிக்காரருக்கும் ஆளுங்கட்சிக்காரருக்கும் வாய்ப்பு சமம். பேச்சு நேரம் கட்சி பலத்தை வைத்துப் பிரிக்கப்படும் ஓர் அவையில் இது சாதாரண விஷயமில்லை. அதனால்தான் சில கட்சிகளில் ஒரே வரைவைப் பல உறுப்பினர்கள் பெயரில் போட்டுவிடுகிறார்கள். குலுக்கலில் விழும் வாய்ப்பு கூடும், ஆனால் வேறு நல்ல கேள்விகளுக்கான இடம் போய்விடும். இது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து.

சந்தேகி:
சரி, விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். விடையை எழுதுவது அமைச்சர் இல்லையே, அதிகாரிதானே? அவருக்கு மழுப்பத் தெரியாதா என்ன?

கோப்புப்புழு:
தெரியும், ஆனால் எல்லையோடுதான் மழுப்ப முடியும். அமைச்சகத்துக்குள் நடப்பது இது: கேள்வியின் நகல் நாடாளுமன்றப் பிரிவு வழியாக உரிய பிரிவுக்கு வரும். "இது எங்களுடையது இல்லை, அந்த அமைச்சகத்துக்கு மாற்றுங்கள்" என்பது முதல் முயற்சி. எடுபடாவிட்டால் களத்திலிருந்து தகவல் கேட்பார்கள். கீழ்நிலையில் வரைவு, இணைச் செயலர், செயலர் என்று மேலே போய் அமைச்சர் ஒப்புதல். நட்சத்திரக் கேள்வியாக இருந்தால் விடையோடு "துணைக்கேள்விக் குறிப்பு" என்று ஒரு தடித்த கட்டு தயாராகும்: என்னென்ன கேட்கக்கூடும், அதற்கு என்ன சொல்லலாம், அந்த எம்.பி. தொகுதியில் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பது வரை. அதிகாரிகள் அவை மாடத்தில் உட்கார்ந்து சீட்டு அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

அச்சில் பொய் எண்ணைப் போட எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வராது. மாட்டினால் உரிமை மீறல் (அவையின் உரிமையை மீறியதாகக் குற்றச்சாட்டு) வரை போகும், கோப்பில் அவர் கையெழுத்து இருக்கும். ஆகவே பொய் சொல்லாமல் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போவார். அதற்கு வழக்கமான வழிகள்:

"(அ) முதல் (உ) வரை:" என்று எல்லா உட்பிரிவையும் சேர்த்து ஒரே கட்டுரை எழுதுவது. நான்கு பத்தி திட்ட விளக்கம் இருக்கும். கடினமான (இ) மட்டும் காணாமல் போயிருக்கும்.

"காவல்துறையும் பொது ஒழுங்கும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பொருள்கள்." உள்துறை விடைகளின் நிரந்தர முதல் வரி.

"இது ஒரு தொடர் நடவடிக்கை." எப்போது முடியும் என்று கேட்டால்.

"அத்தகைய தரவு மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை."

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது; அவையின் மேசைமீது வைக்கப்படும்." இதைத் தப்பித்தல் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அமைச்சகம் மாட்டிக்கொள்ளும் வாக்கியம் இதுதான். அது பற்றிப் பிறகு.

எல்லாவற்றையும்விடச் சுலபமானது "கேள்வி எழவில்லை". (அ)-வில் "அரசு அறியுமா?" என்று கேட்டு, (ஆ)-வில் "ஆமெனில், அதன் விவரம் என்ன?" என்று தொடர்ந்தால், (அ)-வுக்கு "இல்லை" என்று ஒரு சொல் போதும். மீதி நான்கும் தானாக விழுந்துவிடும்.

எண்ணிப்பார்:
கடைசியில் சொன்னது பெரும்பாலான கேள்விகளைக் கொன்றுவிடுகிறது. 2020 செப்டம்பர் உதாரணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கொரோனா பொதுமுடக்கத்தில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று மக்களவையில் கேட்டார்கள். தொழிலாளர் அமைச்சகத்தின் விடை: அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை. இழப்பீடு? மேற்சொன்னதை வைத்துப் பார்க்கையில் கேள்வியே எழவில்லை. இழப்பீட்டுக் கொள்கையைத் தனி உட்பிரிவாக, எண்ணிக்கையோடு பிணைக்காமல் கேட்டிருந்தால் "உண்டு" அல்லது "இல்லை" என்று சொல்லியே ஆகியிருக்க வேண்டும்.

அதே கூட்டத்தொடரில், சில நாள் கழித்து மாநிலங்களவையில் ரயில்வேயிடம் ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் (அந்தத் தொழிலாளர்களை ஊர் சேர்க்க விடப்பட்டவை) இறந்தவர்கள் பற்றிக் கேட்டபோது எண் வந்தது: மாநிலக் காவல்துறைத் தகவலின்படி செப்டம்பர் 9 வரை 97 பேர். ஒரு துறை "தரவு இல்லை" என்ற விஷயத்தின் ஒரு பகுதிக்கு இன்னொரு துறையிடம் பதிவேடு இருந்தது. ஆகவே வரைவு எழுதுமுன் பார்க்க வேண்டியது இதுதான்: இந்தத் தகவல் யாருடைய பதிவேட்டில் தானாகவே விழுகிறது? மரணத்தை ரயில்வே போலீஸ் பதிகிறது. தொழிலாளர் அமைச்சகம் பதிவதில்லை. தரவு பிறக்கும் இடத்தில் கேட்க வேண்டும்.

வரைவுக்கு ஒரு மாதிரி. திண்டிவனம்–திருவண்ணாமலை ரயில் பாதை பல ஆண்டாக இழுபறியில் கிடக்கிறது. இப்படிக் கேட்பார்கள்:

"(அ) திண்டிவனம்–திருவண்ணாமலை பாதைப் பணி மிகவும் தாமதமாவதை அரசு அறியுமா, (ஆ) ஆமெனில், காரணங்கள் என்ன, (இ) விரைந்து முடிக்க அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன?"

விடை எப்படி வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் எத்தனை பணிகள், மொத்தம் எத்தனை கிலோமீட்டர், 2009–14-இல் மாநிலத்துக்கு ஆண்டுச் சராசரி 879 கோடி ரூபாய், 2025–26-இல் 6,626 கோடி, நிலம் எடுத்துத் தருவது மாநில அரசின் பொறுப்பு. கேட்டது ஒரு பாதை, வந்தது மாநில நிதி ஒதுக்கீடு. "மிகவும் தாமதம்" என்று நீங்கள் போட்ட மதிப்பீடு அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இப்படி மாற்றுங்கள்:

"(அ) இப்பாதைக்கு ஒப்புதல் தரப்பட்ட ஆண்டு, அப்போதைய மதிப்பீடு, கடைசியாகத் திருத்திய மதிப்பீடு, (ஆ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஆண்டுவாரியாக ஒதுக்கிய தொகை, செலவான தொகை, (இ) தேவைப்படும் நிலம், கையகப்படுத்திய நிலம், ஹெக்டேரில், (ஈ) நிலத்துக்காக மாநில அரசிடம் செலுத்திய தொகையும் செலுத்திய தேதிகளும், (உ) நிறைவுக்கு நிர்ணயித்த இலக்கு தேதி உண்டா, உண்டெனில் அத்தேதி?"

ஐந்தும் தனித்தனியே நிற்கும். ஒன்றுக்கு "இல்லை" என்றால் மற்றவை விழாது. உரிச்சொல் ஒன்றுகூட இல்லை. (ஈ)தான் இதில் மிக முக்கியம்: நிலப் பழியை மாநிலத்தின் தலையில் போடுமுன், பணம் எப்போது கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். மாநிலத்தின் மீதே தவறு இருந்தால் அதுவும் தெரிந்துவிடும், அதற்கு எம்.பி. தயாராக இருக்க வேண்டும்.

மேசைமீது:
இதோடு விதி 41-ஐயும் ஒருமுறை படித்துவிட வேண்டும். 150 சொல்லுக்கு மேல் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், அவதூறு கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. கற்பனைச் சூழலை வைத்துக் கேட்கக் கூடாது. நீதிமன்ற விசாரணையில் உள்ளது, ஏற்கெனவே விடை தந்தது, வெளியிடப்பட்ட ஆவணத்தில் கிடைப்பது, மத்திய அரசின் பொறுப்பில் முதன்மையாக வராதது எல்லாம் தள்ளுபடி. அனுமதிப்பதும் தள்ளுவதும் சபாநாயகர் அதிகாரம்.

"தள்ளிவிட்டார்கள்" என்று புலம்புகிறவர்களின் நோட்டீஸைப் பார்த்தால் பல நேரம் அதில் "ஏழைகளை வஞ்சிக்கும்" என்றோ "படுதோல்வி அடைந்த" என்றோ ஒரு சொல் இருக்கும். அந்தச் சூட்டைத் துணைக்கேள்விக்கு வைத்துக்கொள்ளலாம். "நாடு முழுவதும் மாவட்டவாரியாகப் பத்தாண்டு விவரம்" என்று கேட்டாலும் நிற்காது. மூன்று ஆண்டு, மாநிலவாரி என்பதே பாதுகாப்பான அளவு.

இன்னொன்று. கேள்விக்கு அவையில் விடையளிக்கும் நாளுக்கு முன் நோட்டீஸை வெளியிடுவதும் (விதி 334அ), அவையில் வைக்கப்படுமுன் விடையை வெளியிடுவதும் (விதி 53) தடை. இன்று எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் படம் போடும் அவசரத்தில் இதை மறப்பவர்கள் அதிகம்.

பொன்னி:
நட்சத்திரக் கேள்வி கிடைத்துவிட்டால் துணைக்கேள்வியை எப்படிக் கேட்பது? அங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள் போலிருக்கிறது.

மேசைமீது:
பட்டியலில் முதல் பெயருக்கு வழக்கமாக இரண்டு துணைக்கேள்வி. அதே கேள்வியில் இன்னொருவர் பெயர் சேர்ந்திருந்தால் அவருக்கு ஒன்று. பிறகு சபாநாயகர் கண்ணில் படுபவர்களுக்கு. கேள்வியின் வரிசை எண்ணைச் சொன்னதும் அமைச்சர் "அறிக்கை மேசைமீது வைக்கப்படுகிறது" என்பார். நேரம் ஓடத் தொடங்கிவிட்டது.

விடையின் நகல் அன்று காலை, அவை கூடுவதற்குச் சற்று முன்தான் கைக்கு வரும். அந்த அரை மணி நேரத்தில் இரண்டைப் பார்க்க வேண்டும்: எந்த உட்பிரிவுக்கு விடையே இல்லை, எந்த எண் முன்பு சொன்ன எண்ணோடு ஒத்துப்போகவில்லை. முதல் துணைக்கேள்வி முதலாவதைப் பற்றி. "(இ)-யில் கேட்ட ஹெக்டேர் கணக்கு அறிக்கையில் இல்லை, எத்தனை?" பத்து வினாடி. இரண்டாவது, முதலில் வந்த பதிலைப் பொறுத்து. எழுதி வைத்ததை அப்படியே படித்தால், அமைச்சர் அப்போதுதான் ஒப்புக்கொண்டதையே மறுபடி கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இது அடிக்கடி நடக்கிறது.

முன்னுரையாக ஒன்றரை நிமிடம் பேசி, மூன்று கேள்விகளை ஒன்றாகக் கட்டுவது மோசமான வழி. மூன்றில் எளிதானதை எடுத்துக்கொண்டு அமைச்சர் மூன்று நிமிடம் பேசுவார், சபாநாயகர் அடுத்தவரை அழைப்பார். மூன்று கேள்வி கேட்ட திருப்தி உறுப்பினருக்கு, ஒன்றுக்கும் பதில் சொல்லாத நிம்மதி அமைச்சருக்கு. ஆமா–இல்லை, எண், தேதி, இந்த மூன்றில் ஒன்றைத் தவிர வேறு எதையும் வாய்மொழியில் கேட்காமல் இருப்பதே நல்லது.

துணைக்கேள்விக் குறிப்புக் கட்டு பற்றி மேலே சொன்னார்கள். அதில் இருக்கும் கேள்வியைக் கேட்டால் தயார் பதில் வரும். அதில் இல்லாதது பெரும்பாலும் தணிக்கைத் துறை அறிக்கையின் ஒரு பத்தியிலோ, நாடாளுமன்ற நிலைக்குழு முன்பு அதே அமைச்சகம் தந்த சாட்சியத்திலோ இருக்கும்.

மன்னார்க்காற்று:
இலங்கைப் பாராளுமன்றத்தில் உள்ள ஒரு வசதியைச் சொல்லிவிடுகிறன். நிலையியற் கட்டளை 27(2)-இன் கீழ் எதிர்க்கட்சித் தலைவரோ, அங்கீகரிக்கப்பட்ட கட்சியொன்றின் தலைவரோ பொது முக்கியத்துவம் வாய்ந்த அவசர விடயம் பற்றிக் கேள்வி எழுப்பலாம். வாய்மூல விடைக்கான வினாக்களின் வரிசைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அங்கேயும் "விடையளிக்கக் கால அவகாசம் தேவை" என்று அமைச்சர் தள்ளிப்போடுறது வழமைதான். உங்களிடம் இதற்கு ஈடாக என்ன இருக்கு?

மேசைமீது:
குறுகிய கால அறிவிப்புக் கேள்வி, விதி 54. அவசரப் பொது முக்கியத்துவம் இருந்தால் 15 நாள் காத்திருக்க வேண்டாம். ஆனால் அமைச்சர் சம்மதித்தால்தான் நடக்கும், அதனால் அபூர்வம். பிரிட்டனில் போல வாரம் ஒருமுறை பிரதமரை நேரடியாகக் கேட்கும் அரை மணி நேரமும் இங்கே இல்லை. பிரதமரின் பொறுப்பில் உள்ள துறைகளுக்கு நாள் உண்டு, ஆனால் விடையளிப்பவர் பொதுவாக இணையமைச்சர்.

சந்தேகி:
எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. "தரவு இல்லை" என்று சொல்லிவிட்டால் உங்கள் ஐந்து உட்பிரிவும் என்ன செய்யும்? 2021 ஜூலையில் கொரோனா கால ஆக்சிஜன் பற்றாக்குறை மரணம் குறித்து மாநிலங்களவையில் வந்த விடையைப் பார்த்தோமே.

எண்ணிப்பார்:
அந்த விடையின் சொற்களைக் கவனித்துப் படியுங்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் *குறிப்பாகத் தெரிவிக்கவில்லை* என்றுதான் இருந்தது. "யாரும் இறக்கவில்லை" என்று எங்கும் இல்லை. தலைப்புச் செய்தியும் விடையும் வேறு வேறு. எனவே அடுத்த கேள்வி விடைக்குள்ளேயே இருக்கிறது: மாநிலங்கள் தெரிவிக்க வேண்டிய படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்ததா? அந்தத் தகவலைக் கேட்டு மத்திய அரசு கடிதம் எழுதியதா, எந்தத் தேதியில்? எத்தனை மாநிலங்கள் பதில் தந்தன? இவை அமைச்சகத்தின் சொந்தக் கோப்பில் உள்ளவை. "மாநிலப் பொருள்" என்று தள்ள முடியாது.

"தரவு இல்லை" என்பதும் பதிவான ஒரு விடைதான். அடுத்த கூட்டத்தொடரில் "எந்த விதியின் கீழ் இத்தரவைத் திரட்ட வேண்டும், திரட்டாததற்கு முடிவெடுத்தது யார், எப்போது" என்று கேட்கலாம். ஒரே தொடரில் கதை முடிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இந்த வேலை ஒத்துவராது. ஒரு பொருளுக்கு மூன்று நான்கு தொடர் ஆகும். நாடாளுமன்றத்தின் 'சன்சத்' இணையதளத்தில் பழைய விடைகள் தேடக் கிடைக்கின்றன. கேள்வி எண், தேதி, உட்பிரிவு, சொன்ன எண் என்று ஓர் அட்டவணை போட்டு வைத்தால் முரண்பாடு தானாக மேலே வரும். இரண்டு தொடருக்கு நடுவே செலவு கூடியிருக்கும், நிலத்தின் ஹெக்டேர் அப்படியே இருக்கும். செய்தி அங்கேதான்.

கோப்புப்புழு:
இப்போது "திரட்டப்பட்டு வருகிறது". அமைச்சர் அப்படிச் சொன்னாலோ, "பரிசீலிக்கிறேன்" என்றாலோ, அது உறுதிமொழி. உறுதிமொழியாகக் கருத வேண்டிய சொற்றொடர்களுக்குப் பட்டியலே இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையேல் நீட்டிப்புக் கேட்க வேண்டும். மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு 1953-இல் வந்தது, மாநிலங்களவையில் 1972-இல். அதிகாரிகளை வரவழைத்து "ஏன் இன்னும் தரவில்லை" என்று கேட்கும் குழு அது. நிலுவை உறுதிமொழி அமைச்சகத்துக்குத் தலைவலி. மாதாமாதம் ஆய்வுக் கூட்டத்தில் பட்டியல் வரும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் உறுதிமொழிக் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆய்வு செய்வதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், அதே வகைதான்.

கேள்வி கேட்ட எம்.பி.க்களில் பலர் இந்தக் கட்டத்தில் காணாமல் போய்விடுகிறார்கள். விடை நாளோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

பொன்னி:
விடையே தப்பு என்று ஆதாரம் இருந்தால்? நேராக உரிமை மீறல் நோட்டீஸா?

மேசைமீது:
அவசரப்படக் கூடாது. உரிமை மீறலுக்கு (விதி 222) விடை தவறு என்று காட்டினால் போதாது. தெரிந்தே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று காட்ட வேண்டும். அது கடினம். முதல் படி சபாநாயகரின் வழிகாட்டுதல் 115: அமைச்சரின் கூற்றில் உள்ள பிழையை ஆதாரத்தோடு சபாநாயகருக்கு எழுத வேண்டும். அவர் அமைச்சரின் கருத்தைக் கேட்பார். பிழை உண்மையென்றால் அமைச்சரே திருத்த அறிக்கை வாசிக்க நேரலாம். கூச்சல் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை, ஆனால் பதிவு திருத்தப்படும்.

விடை தவறில்லை, போதவில்லை என்றால் அரை மணி நேர விவாதம், விதி 55. மூன்று நாள் முன்னதாக நோட்டீஸ், விளக்கக் குறிப்பு, இன்னும் இரண்டு உறுப்பினர்களின் கையெழுத்து. நட்சத்திரமிடாத கேள்வியின் விடையையும் இப்படி அவைக்குள் இழுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வாக்கெடுப்பு கிடையாது.

கேள்வியில் தொடங்கி அமைச்சர் பதவி போனதற்குப் பெரிய உதாரணம் 1957-இன் முந்த்ரா விவகாரம். ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது பற்றி முதலில் கேள்விகள், விடை திருப்தியில்லை என்றதும் டிசம்பர் 16-இல் ஃபெரோஸ் காந்தியின் புகழ்பெற்ற உரை, பிறகு நீதிபதி எம்.சி.சாக்ளா ஆணையம். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி விலகினார். ஃபெரோஸ் காந்தி ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன்! இன்று எதிர்க்கட்சிக்காரர் மட்டுமே செய்யக்கூடிய வேலையாக அது சுருங்கிவிட்டது.

சந்தேகி:
கேள்விக்குக் காசு வாங்கியவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2005 டிசம்பரில் பதினொரு எம்.பி.க்கள் நீக்கப்பட்டார்கள்.

எண்ணிப்பார்:
ஆம், மக்களவையில் பத்துப் பேர், மாநிலங்களவையில் ஒருவர். 2023 டிசம்பரில், கேள்விகளைச் சமர்ப்பிக்கும் இணையவழிக் கணக்கின் கடவுச்சொல்லை வெளியாளோடு பகிர்ந்த விவகாரத்திலும் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் நீக்கப்பட்டார். அந்த முடிவு சரியா என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. நடைமுறையில் எடுத்துக்கொள்ள வேண்டியது: வரைவை யார் வேண்டுமானாலும் எழுதித் தரட்டும், உள்நுழைந்து சமர்ப்பிப்பது உறுப்பினராக இருக்கட்டும். ஒரு தொழில் குழுமத்தைத் தொடும் கேள்வியாக இருந்தால், தகவல் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பும் அலுவலகக் கோப்பில் இருக்கட்டும்.

பொன்னி:
கடைசியாக ஒன்று. உறுதிமொழியை அமைச்சகம் நிறைவேற்றாமலே முடித்துக்கொள்ள வழி உண்டா?

கோப்புப்புழு:
உண்டு. "நிறைவேற்ற இயலாது, கைவிட அனுமதியுங்கள்" என்று காரணத்தோடு குழுவுக்கு எழுதுவார்கள். விஷயம் நீதிமன்றத்தில் இருக்கிறது, மாநிலங்கள் தகவல் தரவில்லை என்பவை வழக்கமான காரணங்கள். குழு ஏற்கவும் செய்யும், மறுக்கவும் செய்யும். அதன் அறிக்கைகளில் இரண்டு வகைப் பட்டியலும் வரும். ஆகவே கேட்ட எம்.பி. மூன்று மாதம் கழித்துத் தன் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டுக் குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும்: உறுதிமொழி இன்னும் நிலுவை, கைவிடும் கோரிக்கை வந்தால் ஏற்க வேண்டாம், காரணம் இது. ஏதாவது ஒரு மாநிலம் தகவல் தந்துவிட்டது என்பதற்கு அதன் சட்டமன்ற விடையின் நகல் இருந்தால் அதையும் இணைக்கலாம். "மாநிலங்கள் தரவில்லை" என்ற காரணம் அதோடு அடிபட்டுப்போகும்.